கனம் கோர்ட்டார் ஆவடிக்காரி

என் ஓய்வு விழாவில் பேசிய வக்கீல் ஒருவர், அம்மையாருக்குச் சிறு வயதிலேயே நீதியின் மேல் தீராத தாகம் இருந்தது என்றார். மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நான் மெல்லத் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். கூண்டில் ஏற்றி யாரும் சத்தியம் கேட்காதபோது மறுப்பானேன்? நடந்தது வேறு. பிளஸ் டூவில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்ததும் இன்ஜினியரிங்கும் மெடிக்கலும் என்னைவிட்டு மரியாதையாக விலகிக்கொண்டன. கையில் மிச்சமிருந்தது என் வாய் ஒன்றுதான்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் டர்னராக இருந்தார். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் பிளாக்கில் திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர், வேலூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் இருந்ததால், குழாயடியில் எல்லா ஊர்ச் சண்டையும் கிடைக்கும். அம்மாவுக்குச் சண்டை போடத் தெரியாது. யார் குடத்தைத் தள்ளி வைத்தாலும் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். எங்கள் வீட்டுக் குடத்துக்காக ஆஜராகும் பொறுப்பு சின்ன வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. ஒருநாள் நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் எதிர்வீட்டு மதுரைக்கார அத்தை, "யாத்தீ, என்னா வாயி! இவளை வக்கீலுக்குத்தான்டி படிக்க வைக்கணும்!" என்று கத்தினாள். அத்தை திட்டியதை அப்பா கல்வி ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்.

அதற்கு அவர் பக்கத்தில் ஒரு காரணம் இருந்தது. போர்மேனிடம் எதிர்த்துப் பேசியதற்காக அவர் மேல் விசாரணை நடந்து, ஒரு இன்கிரிமென்ட்டை வெட்டியிருந்தார்கள். "ஊட்ல ஒரு வக்கீல் மட்டும் இருந்திருந்தா அந்தாளை ஒரு கை பாத்துருப்பேன்," என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். இப்படியாக நீதித்துறைக்குள் நான் அனுப்பப்பட்டது ஒரே ஒரு போர்மேனை ஒரு கை பார்ப்பதற்காக. நான் படித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். போகும்போது அப்பாவிடம் விசில் வைத்த பழைய குக்கரை அன்பளிப்பாக வேறு கொடுத்துவிட்டுப் போனார். எதிரி இல்லாமல் அப்பா கொஞ்ச நாள் மிகவும் சோர்ந்திருந்தார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெரியப்பா வேலூரிலிருந்து புறப்பட்டே வந்துவிட்டார். "பொம்பளப் புள்ள கோர்ட்டுல நிக்கிறதா? கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் நம்ம குடும்பம்," என்றார். மறுநாள் காலையில் அவசரமாகத் திரும்பினார். பங்காளியோடு இருந்த கிணற்று வழக்கு அன்றைக்கு விசாரணைக்கு வந்தது.

சட்டக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் வகுப்பில் இருந்த நேரத்தைவிட ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில் ரயிலில் இருந்த நேரம் அதிகம். பாதி நாள் கல்லூரி வாசலிலேயே ஸ்ட்ரைக் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதற்கு ஸ்ட்ரைக் என்று கேட்டால், நேற்று நடந்த தடியடியைக் கண்டித்து என்பார்கள். நேற்று எதற்குத் தடியடி என்றால், முந்தாநாள் ஸ்ட்ரைக்குக்காக. ஆகவே இந்திய தண்டனைச் சட்டம் முழுவதையும் பெண்கள் பெட்டியில், பூக்கூடைகளுக்கும் கீரைக்கட்டுகளுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தேன். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். கொலைக்கும், கொலையாகாத மரணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த அம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அம்பத்தூரில் இறங்கும்போது, "யாருமா ஒன்ன இவ்ளோ கஷ்டப்படுத்துனது? எதா இருந்தாலும் பெரியவங்கள வச்சுப் பேசும்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பட்டம் வாங்கியதும் பெரிய சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்க வேறு கோர்ட்டிலிருந்தெல்லாம் வக்கீல்கள் வருவார்கள். அந்த ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்த பங்கு ஒரே வாக்கியம்: "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் ப்ளீஸ்." நம் வழக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சுவதற்கான கோர்ட்டு மந்திரம் அது. வருஷக்கணக்கில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துப் பிழைத்தேன். கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப் பட்டை, கையில் என் எடைக்குப் பாதி இருக்கும் கேஸ் கட்டு, வாயில் பாஸ் ஓவர். குவார்ட்டர்ஸில் எல்லோரும் நான் தினமும் வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் நீதிபதிக்கு என் மந்திரம் சலித்துவிட்டது. "நீங்களே வாதாடுங்கள், இல்லையென்றால் தள்ளுபடி," என்றார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்காரரைக் கட்டடச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்ன வழக்கு. பட்டறைக்காரர் எங்கள் கட்சிக்காரர். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் கண்ணை மூடி ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. வேறு வழியில்லாமல் குழாயடியை நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். எதிர்த்தரப்பு அனுப்பிய நோட்டீஸே செல்லாது என்று பேசினேன், நீதிபதி ஒப்புக்கொண்டார். பட்டறைக்காரர் வெளியே வந்து என் காலில் விழப் பார்த்தார். நான் மிதந்துகொண்டே போய் சீனியரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "ஜெயிச்சிட்டியா?" என்றார், ஏதோ பீங்கானை உடைத்துவிட்டேன் என்பதுபோல. "இன்னும் நாலு வருஷம் ஓட வேண்டிய கேஸும்மா அது. என்ன அவசரம் உனக்கு?"

வழக்குகளை முடிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் வக்கீலாக இருக்க முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. முன்சீப் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். நேர்காணலில் ஒரு பெரியவர், "கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் எப்படி கோர்ட்டைக் கவனிப்பீர்கள்?" என்று கேட்டார். "வெளியே காத்திருக்கும் ஆண்கள் சொல்லும் பதில்தான் சார் என் பதிலும்," என்றேன். அவர் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்திலிருந்தவர் இருமுவதுபோலச் சிரித்தார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன். கிடைத்துவிட்டது.

உடனே எனக்கு மாப்பிள்ளை கிடைப்பது நின்றது. "ஜட்ஜம்மாவைக் கட்டினா ஊட்ல ரசத்துக்கு உப்பு போதலன்னாகூட சாட்சி கேப்பாங்களே," என்று பூந்தமல்லிக்காரர் ஒருவர் தரகரிடம் சொல்லியனுப்பினார். கடைசியில் கட்டிக்கொண்டவர் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் நாள் முழுக்கப் பேசுவதால் வீட்டில் யாராவது பேசினால் போதும் என்று நினைத்த மகான். இன்று வரை அப்பீலுக்குப் போகவில்லை.

முதல் போஸ்டிங், ரயில் பாதையில் மேற்கே ஒரு சின்ன ஊர். ஓட்டுக் கட்டடம், மேலே சுற்றும் ஃபேன் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுக்கும், முக்கியமாகச் சத்தத்தை. சித்திரை வெயிலில் கோட்டும் அதற்கு மேல் கறுப்பு அங்கியும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். வெள்ளைக்காரன் ஊர்க் குளிருக்குத் தைத்த உடுப்பை, அவன் போன பிறகும் நாங்கள் விசுவாசமாக வியர்வையில் நனைத்துக்கொண்டிருக்கிறோம். முன்னால் கோர்ட்டுச் சேவகர் டவாலி நடந்து போய் "உஷ்ஷ்" என்றதும் வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அப்பா அப்போது ரிட்டையர் ஆகியிருந்தார். மகள் நீதிபதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆவடியிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்தார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டை. டவாலி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில், கம்பத்தின் ஓரமாக உட்கார வைத்தார்.

அன்றைக்கு ஒரு உயில் வழக்கு. செத்துப்போன பெரியவர் உயிலில் கையெழுத்துப் போட்டபோது தான் பக்கத்திலேயே இருந்ததாக ஒரு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். ஹாலில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நான் சாட்சியத்தைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்றான் பாப்பா!" என்று ஒரு குரல் கேட்டது.

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். "கண்ணைப் பாரு, எப்டி முழிக்கிறான் பாரு! நம்பாத பாப்பா!"

ஹாலில் இருந்த வக்கீல்கள் மொத்தப் பேரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு பாப்பாவைப் பார்த்தார்கள். அங்கி, கோட்டு, உயரமான நாற்காலி எல்லாவற்றோடும் பாப்பா மேலே உட்கார்ந்திருந்தாள். காது இரண்டும் எரிந்தது. சிரித்தால் தொலைந்தேன், அழுதாலும் தொலைந்தேன்.

"அவரை வெளியே அனுப்புங்கள்," என்றேன்.

டவாலி நகரவில்லை. குனிந்து, "அம்மா... அது நம்ம ஐயா..." என்றார்.

"யாரென்று தெரியும். அனுப்புங்கள்."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். குவார்ட்டர்ஸில் நான் முதன்முதலில் சைக்கிளை அவர் கையை உதறிவிட்டு ஓட்டியபோது பார்த்த அதே பார்வை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று, "போறேன், போறேன். ஆனா பொய்யின்னா பொய்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். "இதையும் அடிக்கணுமா அம்மா?" என்று டைப்பிஸ்ட் மிகுந்த கடமை உணர்வோடு கேட்டார்.

அப்பா கோபித்துக்கொண்டு ரயிலேறியிருப்பார் என்று எனக்கு நடுக்கம். மத்தியானம் எழுந்து வெளியே வந்தால், வராந்தாவில் கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். "ஜட்ஜோட அப்பன் நான். என்னியே தொரத்திட்டா பாத்துக்க. அவ்ளோ ஸ்ட்ரிட்டு! இங்க ஒருத்தன் சிபாரிசும் எடுபடாது." சொல்லச் சொல்ல அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சாயங்கால ரயிலில் ஆவடி வரைக்கும் பெட்டி முழுக்க இதையே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். பெற்ற அப்பனையே வெளியே தள்ளிய ஜட்ஜ் என்று அந்த வட்டாரம் முழுவதும் என் பெயர் பரவியது. என் நேர்மைக்கு நான் பின்னால் எழுதிய தீர்ப்புகளெல்லாம் சாட்சி என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு காலைப் பொழுதுதான்.

சாட்சியத்தையும் மற்ற ஆதாரங்களையும் எடை போட்டு, உயில் செல்லும் என்று தீர்ப்பு எழுதினேன். மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதை அப்பாவிடம் போனில் சொன்னபோது, "அந்த ஜட்ஜும் அவன் கண்ணைப் பாக்கலியா?" என்றார். அதற்குப் பிறகு எந்த ஊருக்கு வந்தாலும் அவர் கோர்ட் ஹாலுக்குள் நுழையவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளிருந்து என் குரல் கேட்டால் போதும் என்பார். நான் சப் ஜட்ஜ் ஆனபோது அவர் இல்லை. பொறுப்பேற்ற அன்று வராந்தாவைத் தாண்டி நடப்பது கொஞ்சம் சிரமமாக இருந்தது.

அப்புறம் வழக்கமான கதைதான். குழந்தையின் பள்ளிக்கூடம் நிலைப்பட்ட உடனே டிரான்ஸ்ஃபர் வரும். மாமியார் மனம் நிலைப்பட்டாலும் டிரான்ஸ்ஃபர் வரும். மாவட்ட நீதிபதி ஆனேன். போலீஸ் சல்யூட், சிவப்பு விளக்கு வண்டி, பிறகு சிவப்பு விளக்கு இல்லாத வண்டி. பெண் பிள்ளை கோர்ட்டில் நிற்கக் கூடாது என்ற பெரியப்பா தன் கிணற்று வழக்கைப் பற்றி "ஒரு வார்த்தை" சொல்லும்படி கேட்டு வந்தார். அப்பனையே வெளியே தள்ளியவள் என்று அவருக்கு நினைவூட்டினேன், டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். உயர்நீதிமன்றத்துக்கு அடுத்தது நீங்கள்தான் மேடம் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ரகசியமாகச் சொல்வார்கள். அந்த ரகசியம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, தெரிய வேண்டியவர்களைத் தவிர. ஒருமுறை என் கொழுந்தனார் முந்திக்கொண்டு திருமுல்லைவாயில் முழுக்க ஸ்வீட் கொடுத்துவிட்டார். வேறொருவர் பதவியேற்றார். இனிப்பு சாப்பிட்டவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஆசை. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் எப்போதோ வாங்கிப் போட்ட மனையில் சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று. போய்ப் பார்த்தால் பக்கத்து மனைக்காரர் தன் காம்பவுண்டுச் சுவரை என் மனைக்குள் தள்ளி எழுப்பியிருந்தார். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவரைக் காட்டிக் கேட்டேன்.

"இன்னா மேடம், ஒரு முழம் நெலம். பெரிய நாட்டையா புடிச்சிட்டேன்? பஸ் ஓட்டுன கை, கொஞ்சம் ஓரமா ஒடிச்சிட்டேன்," என்றார்.

"சட்டம் என்று ஒன்று இருக்கிறது," என்றேன்.

"கீதே. யாரு இல்லேன்னா? நீங்க போங்க, நானும் வர்றேன்."

என் கணவர், பேசித் தீர்த்துக்கொள் என்றார். இத்தனை வருஷம் நான் பார்த்த வேலையின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. நான் வழக்குப் போட்டேன். அதோடு வாழ்க்கையில் முதன்முறையாகக் கோர்ட்டு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். உயரத்திலிருந்து பார்க்கும்போது ஹாலில் பெஞ்சுகள் இருப்பது தெரியும். அவற்றுக்கு முதுகு சாய்க்கும் பலகை இல்லை என்பது கீழே உட்கார்ந்தால்தான் தெரியும். பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். கேட்ட ஆள் வருத்தத்தோடு சிரித்தார்.

பக்கத்தில் பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பாய் வீட்டு அம்மா, கையில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பிகளோடு வீட்டுப் பாக வழக்கு. "புச்சா வர்றீங்களா?" என்றார்.

"கோர்ட்டுக்குப் புதுசில்லை. இந்த பெஞ்சுக்குப் புதுசு."

"கோர்ட்டுல வேலையா இருந்தீங்களா? டைப்பா?"

"ஜட்ஜ்."

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அதற்குள் என் வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். நான் நின்ற நேரத்தைவிட எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். திரும்ப வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "ஜட்ஜுக்குமா வாய்தா?" கேட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் தாங்கவில்லை. மத்தியானம் அவர் கொண்டுவந்த பரோட்டாவில் பாதியைப் பங்கு போட்டுக்கொண்டோம், தகராறில்லாமல்.

இப்படியே பல மாதம் போனது. ஒருநாள் கோர்ட்டு வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது பஸ்காரர் தானே வந்து எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"மேடம், எனக்குச் சக்கரை கீது. இவ்ளோ நேரம் நிக்க முடியல. ஒங்களுக்கு?"

"முட்டி."

"அப்போ இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இங்க வந்துகினு? சுவத்த இடிச்சா என் பொண்டாட்டி என்ன இடிப்பா. பின்னால என் மனையில அதே அளவு ஒங்களுக்கு உட்டுர்றேன். முடிச்சிக்கலாமா?"

சட்டப்படி யோசித்தேன். பிறகு முட்டிப்படி யோசித்தேன். சரி என்றேன். டீக்கு அவர்தான் கொடுத்தார், நான் தடுத்தும் கேட்கவில்லை.

இருவரும் சமரசமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். என் மகள் வயதிருக்கும் நீதிபதி மிகவும் மகிழ்ந்து, பேசித் தீர்த்துக்கொள்வதில் இருக்கும் நன்மைகளைப் பற்றி எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கைகட்டி நின்று கேட்டுக்கொண்டேன். நன்றாகவே பேசினார்.

வீடு கட்டி முடித்துவிட்டோம். கிரகப்பிரவேசத்துக்குப் பூந்தமல்லி அம்மா வந்திருந்தார். அவர் வழக்கு இன்னும் நடக்கிறது. பஸ்காரர் அந்தச் சுவரை ஒட்டி ஒரு முருங்கைக் கன்று வைத்திருக்கிறார். அதன் கிளையெல்லாம் எங்கள் பக்கம்தான் சாய்கிறது. போன வாரம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மேடம், ஒங்க பக்கம் காய்க்கிறது ஒங்களுக்குத்தான். இதுக்கும் கேஸு போட்டுறாதீங்க," என்றார். சாம்பாருக்கு நான்கு காய் பறித்துக்கொண்டேன்.